நூல்கோலில் உப்பு இல்லை

எப்படி விழுந்தேன் என்று என்னிடம் கேட்காத ஆள் கோயமுத்தூரில் இனி யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பரண்மேல் இருந்த ஹெல்மெட்டை எடுக்கப் போய் விழுந்தேன்.

சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். தலைக்காயம்தான் என் பிழைப்பே. இருபது வருடமாக இங்கே ஒரு மருத்துவமனையின் நரம்பியல் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறேன். பைக்கிலிருந்து விழுந்தவர்கள், தென்னையிலிருந்து விழுந்தவர்கள், மில்லில் அடிபட்டவர்கள் என்று எத்தனையோ பேரின் மூளை எப்படித் தன் நிலைக்குத் திரும்புகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் பற்றித்தான் பேசுவேன். "பூங்கொடி வந்துட்டாப்பா, அல்லாரும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுச் சாப்புடுங்க" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

அன்று என் கணவரின் அக்கா சரஸ்வதி வந்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கில் எனக்கு நங்கை. உக்கடம் வரை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரப் போகிறார். "இத்தினிக்கூண்டு தூரத்துக்கு எனக்கெதுக்கு ஹெல்மெட்டு?" என்றாராம். நான் விடுவேனா? ஸ்டூலைப் போட்டு ஏறியிருக்கிறேன். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை என்று எனக்குத் தெரியும், அதை நான்தான் நாலு மாதமாகச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் ஆனைகூட இல்லை.

இதில் 'என்றாராம்', 'ஏறியிருக்கிறேன்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று காலை குடித்த காபி எனக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் எட்டு நாள் என்னிடம் இல்லை. கீழே எழுதுவதில் பாதி நங்கையும் கணவரும் சொன்னது, மீதி என்னோடு வேலை செய்யும் உளவியலாளர் ஜெனிபரின் குறிப்பேட்டில் இருப்பது.

விழுந்த அரை மணி நேரத்தில் என் ஆஸ்பத்திரிக்கே என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் முன்பகுதியிலும் இடது பக்கவாட்டிலும் கன்றிப்போயிருந்தது. முழங்காலில் இடித்தால் நீலம் பாய்கிறதே, அது மண்டைக்குள் நடந்தால் எப்படி இருக்கும், அதுதான். மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே மெல்லிய இரத்தக்கசிவும் இருந்தது. பெரிதானால் மண்டையைத் திறக்க வேண்டும். மறுநாள் காலை திரும்ப ஸ்கேன் எடுக்கும்வரை கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லையாம். கசிவு பெரிதாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் போய் ஒரு டீ குடித்திருக்கிறார்.

நாலாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். வேடிக்கை அங்கேதான் ஆரம்பம்.

தலையில் அடிபட்டவர் கண் திறந்து பேச ஆரம்பித்ததும் வீட்டார் பிழைத்துவிட்டார் என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் அப்போது மூளை விழித்திருக்குமே தவிர எதையும் பதிந்துகொள்ளாது. காலையில் வந்துபோன மகனை மத்தியானம் தெரியாது. இதைக் காயத்துக்குப் பிந்தைய மறதி என்கிறோம். அது எத்தனை நாள் நீடிக்கிறது, எப்போது விலகுகிறது என்பதை வைத்துத்தான் ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாமா, வேலைக்குத் திரும்புவாரா என்று கணிக்கிறோம். அதைக் கண்டுபிடிக்கத் தினமும் காலையில் பன்னிரண்டு கேள்வி கேட்போம். பெயர், ஊர், கிழமை, இருக்கும் இடம் என்று ஒன்பது. மிச்சம் மூன்று, படங்கள். இன்று மூன்று படம் காட்டுவோம், நாளைக்கு அவை என்னவென்று சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வாங்கினால் மறதி விலகிவிட்டது என்று அர்த்தம்.

தமிழில் அந்தக் கேள்வித்தாளை எழுதியது நான். படங்களை வரைந்ததும் நான். குடை, சாவி, எருமை. என் எருமையைப் பார்த்துப் பன்றி என்று சொன்ன நோயாளிகளுக்கெல்லாம் ஜெனிபர் மதிப்பெண் போட்டுவிடுவாள், எருமைமேல்தான் தப்பு என்று.

அந்த ஜெனிபர், நான் வரைந்த தாளை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கே வந்தாள். ஐந்தாம் நாள் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஆறாம் நாளும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. "மேடம் சூப்பர்!" என்று குறிப்பேட்டில் எழுதி, கீழே ஒரு பூ வரைந்து வைத்திருக்கிறாள். இன்னொரு நாள் வாங்கினால் வீட்டுக்குப் போகலாம். நங்கை என் புடவைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

என் கணவர் குழந்தைவேல் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் மலைக்காய்கறி மண்டி வைத்திருக்கிறார். விடியுமுன் எழுந்து மண்டிக்குப் போய், ஏலம் முடிந்து வீடு வந்து சமைத்து, கேரியரோடு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் அவர் சமைத்தது அந்த நாட்களில்தான். வாங்கிச் சாப்பிடலாமே என்று நங்கை சொன்னதற்கு, "கடைச் சோறு அவளுக்கு ஆகாதுக்கா" என்றாராம்.

ஏழாம் நாள் ஏலத்தை ஆளிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டார். ஜெனிபர் தாளோடு வந்தபோது எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லுங்க சார்."

"தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற சம்சாரத்துக்கு இன்னும் சரியாகலீங்க."

ஜெனிபருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டு நாளா முழு மார்க்குங்க சார்!"

"அதுதாங்க எனக்கும் புரியல. நேத்து பாகற்காய் பொரிச்சுக் கொண்டாந்தேனுங்க. கொஞ்ச நேரங்கழிச்சு உருளைக்கெழங்கு நல்லா இருந்துச்சான்னு கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சுங்கன்னு சொல்லுது. எங்க ஊட்டுல பாகற்காய்னாலே சண்டை வருமுங்க. அதுவுமில்லாம, எப்படி உழுந்தேன்னு அம்மணி நேத்து மட்டும் பதினோரு வாட்டி என்னைக் கேட்டுப்போட்டா."

"ரெண்டு நாளா ஏன் சொல்லலீங்க?"

"நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு கம்முனு இருந்துட்டனுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாங்களான்னு நீங்க கேட்டப்ப, நானும் ஆமாங்கன்னுதான சொன்னேன். ஆனா நான் மூணு மணிக்கே மண்டிக்குப் போயிருவேன். அம்மணி தனியா கேஸை பத்த வெச்சுப்போட்டு மறந்துட்டான்னா என்ன பண்றதுங்க?"

இதைக் குறிப்பேட்டில் திரும்பத் திரும்பப் படித்தேன். மருத்துவர்முன் வாய் திறக்காத மனிதர். அன்றைக்கும் ஒரு ஆமாங்க போட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஜெனிபர் அப்போதே என் பன்னிரண்டு பதில்களையும் ஒவ்வொன்றாகத் தோண்டினாள். குடை, சாவி, எருமையை நான் முந்தின நாள் பார்த்து நினைவு வைக்கவில்லை. நானே வரைந்து, பயிற்சி வகுப்புகளில் நூறு தடவை சொல்லிச் சொல்லி மனத்தில் ஊறிப்போன பழைய பதில் அது. அடிபடுவதற்கு வெகுநாள் முன்பே பதிந்தது அழியாது. கிழமையும் தேதியும் எதிர்ச் சுவரில் தொங்கிய தினக்காலண்டரில் இருந்தன. மிச்சக் கேள்விகள்தான் இன்னும் மோசம். நோயாளி திணறினால் உதவலாம் என்று தாளில் நானே எழுதி வைத்திருக்கிறேன். "இது ஆஸ்பத்திரிதானுங்களே மேடம்?" என்று ஜெனிபர் கேட்டிருக்கிறாள். "ஆமாங்க" என்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு மதிப்பெண்.

எங்கள் ஊரில் யாரை என்ன கேட்டாலும் ஆமாங்கதான். எதிரில் இருப்பவர் மனம் நோகக்கூடாது. வழி தெரியாதவனும் "இப்படியே நேராப் போங்க" என்று மரியாதையாகச் சொல்வான். மூளை கலங்கினாலும் அந்த மரியாதை மட்டும் கலங்குவதில்லை. இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, கேள்வித்தாள் எழுதும்போது இது உறைக்கவில்லை பாருங்கள்.

ஜெனிபர் அழுதேவிட்டாளாம். "மேடத்தை எந்தத் தாள வெச்சு சார் நான் டெஸ்ட் பண்றது? டப்பாவுல இருக்கற படம் அத்தனையும் அவங்க வரைஞ்சதுதான்."

கணவர்தான் அவளைத் தேற்றியிருக்கிறார். "மண்டில நாங்க எப்படி வாங்குவோம் தெரியுங்களா? மூட்டை மேல இருக்கற கெழங்கைப் பாத்து வெல சொல்ல மாட்டோமுங்க. மேலயெல்லாம் நல்லதாத்தான் அடுக்கியிருப்பாங்க. நடுவுல கையை உட்டு ஒண்ணு எடுக்கோணும். உங்க கேள்வியெல்லாம் மூட்டை மேலயே நிக்குதுங்க."

"நடுவுல எப்படிங்க சார் கையை விடறது?"

"நான் தினம் ஒரு காய் கொண்டாறேன். என்ன காயின்னு மொதல்லயே யாருக்கும் சொல்ல மாட்டேன், எனக்கே ஏலம் முடிஞ்சாத்தான் தெரியும். மறுநாள் காலையில நீங்க வேற காய் பேரைச் சொல்லி நல்லா இருந்துச்சுங்களான்னு கேளுங்க. ஆமாங்கன்னா, இன்னும் வரல. இல்லைங்கன்னா, என்ற அம்மணி வந்துட்டா."

ஆராய்ச்சி முறையியல் பற்றி நான் மூன்று நாள் பயிற்சி வகுப்பு எடுப்பேன். அதில் இவ்வளவு சுத்தமாக ஒரு சோதனையை நான் வடிவமைத்ததில்லை.

ஏழாம் நாள் கேரட். எட்டாம் நாள் காலை ஜெனிபர் பீன்ஸ் நன்றாக இருந்ததா என்று கேட்டாள். ரொம்ப நல்லா இருந்துச்சுங்க என்றேனாம். எட்டாம் நாள் முட்டைக்கோஸ். ஒன்பதாம் நாள் காலை முள்ளங்கி என்று கேட்டதற்கு, "அருமைங்க, கொஞ்சம் கூடவே சாப்ட்டுட்டேன்" என்றேனாம். நங்கை மடித்து வைத்த புடவைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரியில் வைத்தார். என்னைப் பார்க்க ஆரஞ்சும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரையும் உபசரித்து அனுப்பினேனாம். அதில் ஒருத்தர் முகம்கூட எனக்கு நினைவில்லை. அவர்கள் எல்லோரும் வெளியே போய், "பூங்கொடி நல்லாயிட்டா, என்ன மரியாதையாப் பேசறா!" என்று சொன்னார்களாம். வீட்டில் நான் பேசுவது தெரிந்த கணவர் அதைக் கேட்டு இன்னும் பயந்திருக்கிறார்.

அந்த ஒன்பதாம் நாள் மத்தியானம்தான் என் சொந்த நினைவு துவங்குகிறது.

நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கணவர், தோளில் துண்டு. வலது கை விரலில் சுட்ட கொப்புளம் ஒன்று. என் மடியில் தட்டு. ஒரு வாய் எடுத்து வைத்தேன். நூல்கோல் கூட்டு. வாசனை எதுவும் தெரியவில்லை, ஏன் தெரியவில்லை என்று ஒரு கணம் யோசித்தேன். மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் வாசனை நரம்பு பாதிக்கப்படலாம் என்று எனக்குத் தெரியுமே, ஆனால் அது அப்போது தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்று. இதில் உப்பு இல்லை.

"எப்படி இருக்குது அம்மணி?" என்று கேட்டார்.

அந்தக் கொப்புளத்தைப் பார்த்தேன். "நல்லா இருக்குதுங்க" என்றேன். முதல் நினைவே ஒரு பொய். ஆனால் இந்தத் தடவை தெரிந்தே சொன்ன பொய்.

பத்தாம் நாள் காலை. ஜெனிபர் வந்து நின்றாள். கணவர் அன்று மண்டிக்குப் போகாமல் வாசற்படியில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நங்கை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நேத்து பீட்ரூட் பொரியல் நல்லா இருந்துச்சுங்களா?"

"பீட்ரூட்டா?" என்றேன். "யாருங்க பீட்ரூட் கொண்டாந்தாங்க? நேத்து நூல்கோல் கூட்டு. அதுல உப்பே இல்ல."

நங்கை ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். கணவர் மனம் நொந்துபோனாரோ என்று வாசல் பக்கம் பார்த்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. பிறகு துண்டை எடுத்துவிட்டு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"உப்பு போட மறந்துபோட்டனுங்க டாக்டரம்மா! நெசமாலுமே மறந்துபோட்டேன்! ராத்திரி மிச்சத்தை நான் சாப்புட்டப்பத்தான் எனக்கே தெரிஞ்சுதுங்க! வேற ஒருத்தருக்கும் தெரியாது!"

ஜெனிபர் தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நங்கை உரித்த ஆரஞ்சை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று ஆளுக்கு ஒரு சுளையாகக் கொடுத்துக்கொண்டே போனார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. என்ற தம்பி அந்த உப்பில்லாத பண்டத்துலதான் பொண்டாட்டியைக் கண்டுபுடிச்சிருக்கறான்" என்று எல்லோரிடமும் சொன்னார். எனக்கு விஷயம் முழுதாகப் புரிய அன்று சாயந்திரம் ஆனது. புரிந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தேன், தலை வின்வின்னென்று தெறித்தும் நிறுத்த முடியவில்லை.

விதி விதிதான், தொடர்ந்து மூன்று நாள் தேறவேண்டும் என்று ஜெனிபர் சொல்லிவிட்டாள். என் விதி, நான் என்ன சொல்ல முடியும்? பதினோராம் நாள், "டர்னிப் இல்லை, கேரட். கேரட் வேகல" என்றேன். பன்னிரண்டாம் நாள், "கோஸும் இல்ல ஒண்ணும் இல்ல, உருளைக்கெழங்கு. காரம் தாங்கல, தண்ணி ரெண்டு செம்பு குடிச்சேன்" என்றேன். ஒவ்வொரு குறைக்கும் கணவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. நங்கை இரண்டாம் தடவையாகப் புடவைகளை மடித்தார். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். காரில் நங்கையும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். சீட் பெல்ட் போடுங்கள் நங்கை என்றேன். மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டார்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எத்தனை பேரின் ஆமாங்கவுக்கு நாங்கள் மதிப்பெண் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்? வேலைக்குத் திரும்பியதும் ஜெனிபரும் நானும் முதலில் செய்தது, பழைய குறிப்பேடுகளை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்ததுதான். பெரும்பாலும் நன்றாகவே இருந்தார்கள். சிலருக்கு மறதி கொஞ்சம் மிச்சம் இருந்தது, அவர்களைத் திரும்ப வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னோம், எங்கள் கேள்வித்தாளில் தப்பு என்று.

தாளை மாற்றியிருக்கிறோம். உதவலாம் என்ற வரியை அடித்துவிட்டேன். எருமையை வேறு ஒருவர் வரைந்திருக்கிறார். பதின்மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம், அது வீட்டாருக்கு. நேற்று அவருக்கு என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு, நோயாளியிடம் வேறு ஒன்றைச் சொல்லிக் கேட்போம். போன வாரம் சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர், தென்னையிலிருந்து விழுந்தவர், "இட்லியா? யாருங்க சொன்னது? அவ எனக்குக் கஞ்சிதான் ஊத்துனா" என்று எரிந்து விழுந்தார். அவர் மனைவி பதறிப்போய், "மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா, அவரு எப்பவும் இப்படித்தானுங்க" என்றார். ஜெனிபர் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கணவர் சமைப்பதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமையும் அவர் முறை. நானும் குறை சொல்வதை நிறுத்தவில்லை. அது இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

வாசனை மட்டும் திரும்பவில்லை. நாலு மாதமாகக் காபியும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று நோயாளிகளிடம் நான் சொல்வதையே எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஏதோ சுர்ரென்றது. அடுத்த கணம் மூக்கில் என்னவோ ஏறியது. கடுகு. அதன் பின்னால் சீரகம். எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தட்டை வைத்தார். நூல்கோல் கூட்டு. ஒரு வாய் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படி இருக்குது?" என்றார், குறையை எதிர்பார்த்துக் கரண்டியோடு நின்றபடி.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன்.

கரண்டி கீழே விழுந்தது. ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மணி, இன்னைக்கு என்ன கெழமை?"